வாய் நிறையப் பாட்டு

இப்போது மேடையேறும் பாடகர்கள் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் கொண்டுவருகிறார்கள். அதற்குள் டிரம்ஸ் இருக்கிறது, வயலின் இருக்கிறது, பின்னால் நின்று ஆ ஊ என்று இழுக்கப் பத்துப் பெண்கள் இருக்கிறார்கள். போன மாதம் செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவும் இடத்தில், அப்படி ஒரு பாடகி என்னை மடக்கினாள்.

"அண்ணா, நீங்க ஆர்க்கெஸ்ட்ராவ உட்டுட்டு ஒத்தக் கிட்டாரோட தனியா நின்னீங்களாமே. பயமா இல்லியா?"

"பயந்துகினேதாம்மா நின்னேன்" என்றேன். விரலில் ரச வாசனை இன்னும் போகவில்லை. அவள் சிரித்துவிட்டுப் போனாள். எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் தனி ஆளாக நாட்டுப்பாட்டுப் பாடிவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் போதும் என்று மேடையை விட்டு இறங்கியவன் நான். வயது ஐம்பத்தெட்டு. ஆனாலும் அந்த ஒரு மார்கழியையும் அதைத் தொட்டு வந்த தை மாதத்தையும் நினைத்தால் உள்ளங்கால் குறுகுறுக்கிறது. உட்கார முடியவில்லை. இதை நின்றுகொண்டே எழுதுகிறேன்.

பாட்டுக் கற்ற கதை சின்னது. நைனாவுக்கு அரிசி மில்லில் வேலை. பத்தாவது தவறிய நானும் அங்கேயே மூட்டை தைத்தேன். மில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனோடு பேசுவதற்கே கத்த வேண்டும். என் தொண்டை திறந்தது அங்கேதான். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கேசட் கைக்குக் கை மாறி என்னிடம் வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரன் மில்லைவிடச் சத்தமாகக் கத்தினான். நாலு மாதத்தில் நானும் கத்தினேன். ரஹீம் பாய் காதில் விழுந்தது. சேர்த்துக்கொண்டார். அவ்வளவுதான் என் படிப்பு.

ரஹீம் பாய்தான் எங்கள் மெல்லிசைக் குழுவின் முதலாளி. கடைவீதியில் மைக் செட் கடை வைத்திருந்தார். ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் எந்த வெயிலிலும் போட்டிருக்கும். அவர் மேடையில் ஏறி நான் பார்த்ததில்லை. மேடைக்கு இடப்பக்கம் தரையில் ஆம்ப்ளிஃபயரை வைத்து, மடக்கு நாற்காலி போட்டு, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கச்சேரி முடியும்வரை வாய் திறக்க மாட்டார். விரல்தான் பேசும். ஒரு விரல் தூக்கினால் இந்தச் சரணத்தோடு முடி. கையை விரித்தால் பல்லவி இன்னொரு தடவை. முஷ்டியை மூடினால் உன் மூச்சு மைக்கில் விழுகிறது, தள்ளி நில்.

மைக்கைத் தொடுவதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கச்சேரிக்கு முன்னால் பன்னீர் தொட்ட துணியால் ஒவ்வொரு மைக்கின் வலையையும் அவரே துடைப்பார். ஊதக் கூடாது. தட்டக் கூடாது. அலோ அலோ கூடவே கூடாது. அன்றைக்கு வந்திருக்கும் ஊரின் பெயரைச் சொல்லித்தான் சோதிக்க வேண்டும். சிங்கவரத்துக்குப் போனால் ஏழு பேரும் வரிசையாக வந்து சிங்கவரம், சிங்கவரம் என்று சொல்லிவிட்டு நகர்வோம். எங்கள் டிரம்ஸ்காரன் பாபு ஒருநாள் கேட்டேவிட்டான்.

"இன்னாத்துக்கு பாய் இது? டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி ஊரு பேர கூவிகினு?"

"போன வருசம் ஒருத்தன் சீயமங்கலத்துல நின்னுகினு 'அன்பான வல்லத்து மக்களே'ன்னான். கல்லு வந்துச்சி. அவன் மேல வுழுந்தா பரவால்லடா, என் ஸ்பீக்கர் மேல வுழுந்துச்சி."

சாமி பாட்டு மூன்று, ஜோடிப் பாட்டு நான்கு. அதற்குப் பிறகு அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்தி, "இதோ... செஞ்சியின் ராக் புயல்... டேனி!" என்பார். தனவேல் என்கிற நான் டேனியாக வெளியே குதிப்பேன். தொடையைக் கவ்விய பேண்ட், அகலத் தோல் பெல்ட், காதை மூடிய முடி. இங்கிலீஷ் பாட்டைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்திருப்பேன். அர்த்தம் எனக்கும் தெரியாது, கேட்பவர்களுக்கும் தெரியாது. அதனால் எங்களுக்குள் தகராறு வந்ததில்லை. எக்கோ மெஷின் என் ஒரு கத்தலை நான்காக்கித் திருப்பித் தரும். கூட்டம் காய்ந்த சருகு போலப் பற்றிக்கொள்ளும். விசில் பறக்கும். துண்டு பறக்கும். நானும் பறப்பேன். இறங்கி வந்ததும் கூட்டத்திலிருந்து யாராவது ஓடி வருவார்கள், கண் மின்ன, மூச்சு வாங்க. பாட்டைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார்கள் என்று நிற்பேன். "அண்ணா, இந்த பேண்ட் எங்க தெச்சீங்க?" என்பார்கள். நாலு வருடம் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொன்னேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி. கல்யாணம் கிடையாது, கச்சேரி கிடையாது. பாயின் கடையில் அவரோடு உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். வல்லத்திலிருந்து ஏகாம்பரம் என்கிற விவசாயி வந்தார். முகமெல்லாம் கவலை.

விஷயம் இதுதான். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். விதைக்கான மல்லாட்டையை மெஷினில் கொடுத்தால் பருப்பு அடிபட்டு முளைக்காது. ஆள் வைத்துக் கையால்தான் உடைக்க வேண்டும். உடைக்கிற கை சும்மா இருக்குமா? நாலு பருப்பு முறத்துக்குப் போனால் ஒன்று வாய்க்குப் போகும். அதற்காக ஏகாம்பரத்தின் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாடிக்கொண்டேதான் உடைக்க வேண்டும். பாடுகிற வாயில் பருப்பு போகாது. ஒருத்தி வரி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்து முடிப்பார்கள். அந்த வருடம் வரி எடுத்துக் கொடுப்பவள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டாள்.

"களம் ஊமையா இருக்குது பாய். வாயி மட்டும் ஆடுது. ரெண்டு காணி வெதை வவுத்துலயே போயிடும் போல. யாருனா ஒரு பாட்டுக்காரன அனுப்பு."

பாய் ஒயரிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னைக் காட்டினார்.

"ராக் பாடறவன மல்லாட்ட களத்துக்கா பாய்?" என்றேன்.

"கல்யாணம் இல்லாத மாசத்துல நீ ராக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. போயிட்டு வா."

போனேன். அவமானத்தோடு போனேன். அதே பேண்ட், அதே பெல்ட், முதுகில் பாபுவிடம் இரவல் வாங்கிய பாக்ஸ் கிட்டார். களத்தில் பதினைந்து பதினாறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தண்ணீர் தெளித்து, கோணி மூடி ஊறவைத்த மல்லாட்டைக் குவியல். படக் படக்கென்று ஓடு உடையும் சத்தம். நான் நின்றுகொண்டு, காலை அகட்டி, கண்ணை மூடி, எனக்குத் தெரிந்த ராக் அத்தனையையும் அவிழ்த்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனந்தமாகப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே தின்றார்கள்.

சினிமாப் பாட்டுக்கு மாறினேன். இன்னும் ஆனந்தம். தலையாட்டிக்கொண்டே தின்றார்கள். நல்ல கச்சேரிக்கு நடுவே கொறிப்பதைப் போல, நிதானமாக, ரசித்து. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அமைதியாகக் கேட்ட கூட்டம் அதுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மத்தியானம் ஏகாம்பரம் வந்து முறங்களைப் பார்த்தார். ஓட்டுக் குவியல் இடுப்பளவு இருந்தது. பருப்பு முழங்கால் அளவுகூட இல்லை.

"யோவ் மைனரு" என்றார். "உன்ன நான் பாடச் சொன்னனா, பாட வெக்கச் சொன்னனா?"

அப்புறம் தணிந்த குரலில், "இது சாப்படற மல்லாட்ட இல்லப்பா. மண்ணுக்குப் போவ வேண்டியது. இது தீந்துட்டா எனக்கு நெலம் சும்மா கெடக்கும்" என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. கிட்டாரை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். ஓடியிருந்தால் இன்றைக்கும் டேனியாகவே இருந்திருப்பேன். ஏனோ வட்டத்துக்குள் நுழைந்தேன். வாயில் வந்ததைப் பாடிக்கொண்டே அவர்கள் நடுவில் குந்தப் போனேன்.

"மல்லாட்ட மூட்டையெல்லாம் மலயாட்டம் கெடக்குது..."

குந்தினேனா? பின்பக்கம் டர்ரென்று ஒரு சத்தம். தொடையைக் கவ்விய பேண்ட் கவ்வினது போதும் என்று விட்டுவிட்டது. பாட்டு பாதியில் நின்றது. ஒரு நொடிதான். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அஞ்சலை, முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், ஓடு உடைக்கும் கையை நிறுத்தாமலேயே அதே மெட்டில் எடுத்தாள்.

"மைனரு போட்ட பேண்ட்டு மட்டும் கிழிஞ்சு போயி கெடக்குது!"

களம் வெடித்தது. பதினைந்து வாயும் ஒரே நேரத்தில் அந்த வரியைப் பிடுங்கிக்கொண்டன. கெடக்குது, கெடக்குது என்று முறத்தைத் தட்டினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. விடுவேனா? அடுத்த பாதியை எறிந்தேன்.

"கிழிஞ்ச பேண்ட்ட தெச்சுக் குடுக்க கிளியனூரு போவணும்..."

நிறுத்தினேன். இந்தத் தடவை வேண்டுமென்றே.

"கேக்கறவனுக்கு குடுக்க நாங்க ஊசியோட வாழணும்!" என்றாள் ஒருத்தி. "தம்பி, முதுவ காட்டாம பாடு தம்பி!" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு, வசை, மெட்டு, முறத்தின் தாளம். நான் பாதியைப் போடப் போட அவர்கள் மீதியைக் கிழித்துப் போட்டார்கள். நாத்தனாரைப் பாடினார்கள், ரேஷன் கடை வரிசையைப் பாடினார்கள், ஏகாம்பரத்தின் வழுக்கையை அவர் எதிரிலேயே பாடினார்கள். யார் வாயிலும் ஒரு பருப்பு போகவில்லை. போவதற்கு இடமில்லை!

நான் கண்டது என்ன என்று எனக்கு அப்போதே தெரிந்தது. மேடையில் நாலு வருடமாக நான் ஓட்டையே இல்லாமல் பாடியிருக்கிறேன். மூச்சு விடும் இடத்தைக்கூட எக்கோ மெஷின் அடைத்துவிடும். கூட்டம் உள்ளே வருவதற்கு ஒரு சந்துகூட விட்டதில்லை. இங்கே அறுந்துபோன ஒரு பாதி வரி, அதன் வழியாகப் பதினைந்து பேர் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளும் போனேன். பத்து நாள் போனேன். ஏகாம்பரம் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். உடைக்கிற வேலை முடிந்த அன்று நேரே பாயின் கடைக்கு வந்து, "நான் தனியா நாட்டுப்பாட்டு பாடப் போறேன் பாய்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பன்னீர்த் துணியை மடித்து வைத்தார்.

"தனியான்னா?"

"டிரம்ஸ் வேணாம். எக்கோ வேணாம். நானும் ஒரு கிட்டாரும்."

"களத்துல உக்காந்துகினு இருக்கறவங்க எங்கடா போவாங்க? கூலிக்கு வந்தவங்க." சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினார். "தை மாசம் கடைவீதியில துணிக்கடை தெறக்கறாங்க. பகல் கச்சேரி. தெருவுல நிக்கற கூட்டம். அரை மணி உனக்கு. கூட்டம் நின்னுச்சின்னா நீ தனி. கலைஞ்சிச்சின்னா அப்பவே டிரம்ஸ் முன்னால வந்து டேனியா கத்து, அப்பறம் இந்தப் பேச்ச எடுக்காத. ரெண்டுல ஒண்ணு. நடுவுல நிக்கறது நம்ம கிட்ட கெடையாது."

தை மாத வெயில். பத்தரை மணி. துணிக்கடை வாசலில் பலகை மேடை. தெரு அடைத்த கூட்டம், எல்லாம் டேனியைப் பார்க்க வந்த கூட்டம். மேடைக்குப் பின்னால் பாபு டிரம்ஸோடு தயாராக உட்கார்ந்திருந்தான். வேனுக்குள் திண்டிவனத்துப் பாடகன் ஒருவன் பளபளக்கும் கோட்டோடு காத்திருந்தான். நான் தனியாகப் போனால் என் இடம் அவனுக்கு. நான் வேட்டி, வெள்ளைச் சட்டை, பாக்ஸ் கிட்டார். மைக்கில் "செஞ்சி" என்று சொல்லிச் சோதித்தேன். பாயின் சட்டப்படி, என் ஊரின் பெயர்.

"கோட்ட மேல மேகம் ரெண்டு கூடி வந்து நிக்குது..."

நிறுத்தினேன். காத்திருந்தேன்.

ஒன்றுமில்லை. ஆயிரம் கண்கள், ஒரு வாய்கூட அசையவில்லை. இவன் வரியை மறந்துவிட்டான் என்று நினைத்தார்கள். எப்படித் தெரியும் அவர்களுக்கு? கச்சேரியில் யார் அவர்களைப் பேசவிட்டார்கள்? மறுபடி பாடினேன். மறுபடி நிறுத்தினேன். "டேனி, வாந்தி வருதா?" என்றது ஒரு குரல். ஓரத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். சோடாக் கடைப் பக்கம் நாலு பேர் நகர்ந்தார்கள். எட்டுப் பேர். கூட்டத்தின் கரை கரைவதை மேடையிலிருந்து பார்ப்பது இருக்கிறதே, உடம்பில் ரத்தம் இறங்குவது தெரியும். பாபு குச்சியைத் தூக்கிவிட்டான். கீழே பாய் மெதுவாக ஒரு விரலைத் தூக்கினார். முடி.

நாலு வருடத்தில் முதல் தடவையாக அந்த விரலை நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். மூன்றாம் முறை, தொண்டை கிழிய, மில்லுக்கு மேலே கத்திப் பழகிய அதே தொண்டையால்:

"கோட்ட மேல மேகம் ரெண்டு கூடி வந்து நிக்குது..."

பாஆம்ம்!

கூட்டத்துக்குப் பின்னால் திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் போகிற பஸ் வந்து மாட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் பொறுமையிழந்து ஹாரனை அழுத்தியிருந்தார். நான் விட்ட சந்தில், சரியான தாளத்தில்! கூட்டம் சிரித்தது. சோடாக் கடைப் பக்கம் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் மின்சாரம். கையை பஸ்ஸை நோக்கி நீட்டினேன்.

"திண்டிவனம் போற பஸ்ஸு தெருவ அடைச்சி நிக்குது..."

பாம்! பாம்! இந்தத் தடவை டிரைவர் வேண்டுமென்றே அடித்தார். முன்வாசல் படியில் தொங்கிய கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினார், மெட்டோடு கத்தினார்:

"பாட்டுக்காரன் நவுந்துகினா பஸ்ஸு ஏன்டா நிக்குது!"

அவ்வளவுதான். தெரு உடைந்தது. நிக்குது, நிக்குது என்று ஆயிரம் வாய். புரிந்துவிட்டது அவர்களுக்கு, அந்தச் சந்து யாருக்கு என்று. பஸ் ஜன்னலிலிருந்து ஓர் அம்மா தலையை நீட்டி, "பொண்ணு பாக்கப் போறவங்கள பாதி வழியில நிக்க வெச்சானே!" என்றார். "மாப்ள தப்பிச்சான்!" என்றது மாடியிலிருந்து ஒரு குரல். நான் பாதி போடுகிறேன், தெரு மீதி போடுகிறது. துணிக்கடை முதலாளியைப் பாடினார்கள். டிராபிக் போலீஸ்காரர் ஒரு வரி பாடினார், சத்தியமாக. நான் வியர்வையில் குளித்தேன். கிட்டாரில் ஒரு கம்பி அறுந்தது, யாருக்கும் தெரியவில்லை. கீழே பார்த்தேன். பாயின் விரல் எதுவும் மேலே இல்லை. அவர் கை ஆம்ப்ளிஃபயர் குமிழ் மேல் இருந்தது. நான் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் என் மைக்கைக் குறைத்துக்கொண்டிருந்தார், ஜனங்களின் குரல் முழுசாகக் கேட்கட்டும் என்று.

அரை மணி ஒரு மணி ஆயிற்று. பஸ் போன பிறகும் கூட்டம் நின்றது.

இறங்கியதும் சீயமங்கலத்துக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். புதன்கிழமை அவர் தங்கச்சி கல்யாணம், காலையில் மூன்று மணி நேரம் நான்தான் பாட வேண்டும், நான் மட்டும்தான். தலையை ஆட்டிவிட்டேன். பேண்ட்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ஓடிப்போய்ப் பழக்கத்தில் வேனில் கால் வைத்தேன். என் சீட்டில் பளபளக் கோட்டுக்காரன் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா ஏறுற?" என்றார் பாய். "நீதான் தனியாச்சே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பாய், புதன்கெழம மூணு மணி நேரம் பாடணுமாம். என்கிட்ட இருக்கறதே ஒண்ணரைப் பாட்டுதான்."

பாய் ஜன்னல் வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொத்தான் போட்ட கையை வெளியே நீட்டி என் தோளில் வைத்தார்.

"ஒண்ணரையா? நாலு வருசமா என் மேடையில கத்தனியே, அதுல உன்னுது எத்தினிடா?"

நான் எண்ணி முடிப்பதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. வெயிலில், அறுந்த கம்பி தொங்கும் கிட்டாரோடு, கடைவீதி நடுவில் நான் சத்தமாகச் சிரித்தேன். சோடாக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டாவது பாட்டின் மீதி அரையைக் கட்டிக்கொண்டே நடக்க ஆரம்பித்தேன்.